வாசல் இல்லாத வீட்டுக்கு வந்த சம்மன்

அன்னபாக்கியத்தை நான் கடைசியாக உயிரோடு பார்த்த அன்று அவள் முகத்தைப் பார்க்கவில்லை, வலது கையை மட்டும்தான் பார்த்தேன். ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே முழங்கைக்கு மேல்வரை வெளியே நீட்டியிருந்தாள். உள்ளங்கையில் செல்போன் மல்லாந்து கிடந்தது. அந்த வீட்டுக்குள் சிக்னல் வராது, ஒரு முழம் வெளியே நீட்டினால்தான் வரும் என்பது தெருவுக்கே தெரியும். புதன்கிழமை, காலை பத்து மணி. வெயில் கையின் மேல் விழுந்து, மாவு காய்ந்து வெடித்திருந்த ரேகைகள்கூடத் தெரிந்தன. என் சட்டைப்பையில் அவள் கையெழுத்துப் போடவேண்டிய தாள் ஒன்று இருந்தது. அன்று சாயங்காலம் கோர்ட் மூடிவிட்டால் அந்தத் தாளுக்கு மதிப்பில்லை. "அன்னம்" என்றேன். கை அசையவில்லை. மறுபடியும் "அன்னம்" என்றேன்.

"கழுகு சார் பதில் போடட்டும் அண்ணாச்சி" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அவ்வளவுதான்.

அந்தக் கழுகு சார் யாரென்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவளுக்கும் தெரியாது. ஆணா பெண்ணா, எந்த ஊர், படித்தவரா, கோர்ட் வாசலையாவது மிதித்தவரா, ஒன்றும் தெரியாது. செல்போனில் ஒரு வட்டத்துக்குள் கழுகுப் படம் இருக்கும், பக்கத்தில் 'சட்டக்கழுகு' என்று பெயர் இருக்கும். அதை நம்பித்தான் ஒருத்தி தன் வீட்டை விட்டாள்.

நான் முப்பத்தொரு வருஷம் தபால்காரனாக இருந்தவன். பள்ளிக்கூடப் படிப்பு பத்தாவதோடு நின்றுவிட்டது, மிச்சத்தை ஊரார் தபால்களின் மேலுறையைப் பார்த்துப் படித்துக்கொண்டேன். எங்கள் செக்கடித் தெருவில் என் வீட்டுக்கு எதிர்வீடு சீனியம்மா டீச்சருடையது. ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், குழந்தை குட்டி கிடையாது, வாதம் வந்து படுத்த பிறகு பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் இருந்தபோதுதான் புருஷன் விட்டுப்போன அன்னபாக்கியம் ஒரு துணிப்பையோடு வந்து சேர்ந்தாள். பதினொரு வருஷம் டீச்சரைக் குளிப்பாட்டினாள், ஊட்டினாள், திருப்பிப் படுக்கவைத்தாள், முன்னறையில் கிரைண்டர் போட்டுத் தெருவுக்கு இட்லிமாவு ஆட்டிக்கொடுத்தாள். டீச்சர் ஒருநாள் என்னையும் என் மனைவி ராஜகனியையும் கூப்பிட்டு, கோடுபோட்ட தாளில் தன் கைப்பட நாலு வரி எழுதி, எனக்குப் பின் இந்த வீடு அன்னபாக்கியத்துக்கு என்று கையெழுத்துப் போட்டார். கீழே சாட்சியாக ராஜகனி போட்டாள், நான் போட்டேன். அடுத்த மாதம் டீச்சர் போய்விட்டார், இரண்டு வருஷம் கழித்து ராஜகனியும் போய்விட்டாள். உயில் அன்னத்தின் அரிசி டப்பாவில் இருந்தது.

டீச்சர் இறந்து நாலாம் வருஷம், டீச்சருடைய அண்ணன் மகன் மனோகரன், அத்தை படுத்திருந்த காலத்தில் ஒருமுறைகூட எட்டிப் பார்க்காதவர், வாரிசு நான்தான், வீட்டைக் காலி செய் என்று வக்கீல் நோட்டீஸ் விட்டார். அன்னம் பயந்துபோய் அதை என்னிடம் கொண்டுவந்திருக்கலாம். ஆனால் மாவு வாங்க வருகிற ஒரு பெண் அவளை 'நாமே வக்கீல்' என்ற குழுவில் சேர்த்துவிட்டிருந்தாள். பன்னிரண்டாயிரம் பேர் இருக்கிற குழு. அங்கே போய்க் கேட்டாள். கேட்ட கால் மணி நேரத்தில் கழுகு வந்து மூன்று பதில் சொல்லியது.

ஒன்று, பதிவு செய்யாத உயில் செல்லாது, அதை யாரிடமும் காட்டாதீர்கள், காட்டினால் மோசடி வழக்கு வரும். இரண்டு, பன்னிரண்டு வருஷம் தொடர்ந்து அனுபவித்தால் வீடு உங்களுக்கே சொந்தம், அனுபவம் அறுந்துவிடாமல் இருக்க வீட்டைவிட்டு வெளியே கால் வைக்காதீர்கள். மூன்று, எந்தத் தாளையும் உள்ளே விடாதீர்கள், வாங்காத சம்மனுக்கு வழக்குக் கிடையாது.

அன்னம் சந்தோஷமாக ஓடிவந்தாள். அதுதான் அவள் தெருவில் ஓடிய கடைசி ஓட்டம்.

"அண்ணாச்சி, பன்னெண்டு வருச அனுபவம் போதுமாம்லா! எனக்குப் பதினைஞ்சு வருச அனுபவம் இருக்கு. பீ மூத்திரம் அள்ளுன அனுபவம், மாவாட்டுன அனுபவம், எந்த அனுபவம் வேணும்னாலும் கேக்கட்டும், சொல்லுதேன்."

"அந்த அனுபவம் வேற அன்னம். அடுத்தவன் சொத்த அவனுக்கு எதிராப் பிடிச்சு வச்சிருக்கதுக்குப் பேரு அது. உன்னய டீச்சர் இருக்கச் சொல்லி இருந்த. உனக்கு எழுதியே குடுத்துட்டுப் போயிருக்காங்க."

"அது செல்லாதாம்லா."

"யார் சொன்னா?"

"கழுகு சார்."

"சாட்சிக் கையெழுத்துப் போட்ட நான் உன் முன்னால நிக்கேன். கழுகா அன்னைக்கு வந்து போட்டுச்சு?"

அவள் சிரித்தாள். பிறகு, குழந்தைக்குச் சொல்வதுபோல் மெதுவாகச் சொன்னாள்: "நீங்க ஒரே ஆளு அண்ணாச்சி. அங்க பன்னெண்டாயிரம் பேரு இருக்காக."

தனக்கு எழுதிக்கொடுத்த வீட்டைத் தானே பிடுங்கிக்கொண்டதாகச் சொல்லும்படி ஒருவன் எங்கிருந்தோ யோசனை சொல்கிறான், பன்னிரண்டாயிரம் பேர் அதற்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறார்கள், சாட்சியாக நிற்கிற கிழவன் ஒற்றை ஆளாகிவிடுகிறான்.

அன்றிலிருந்து அன்னம் வெளியே வரவில்லை. வெளியே கால் வைக்காமலும் உள்ளே தாள் விடாமலும் பத்தொன்பது நாள் இருந்தாள். பத்தொன்பதாம் நாள் காலையில் அந்த வீட்டுக்கு வாசல் இல்லை.

இடிந்துபோகவில்லை, யாரும் அடைக்கவுமில்லை. நிலை, கதவு, படி மூன்றும் இருந்த இடத்தில் சுவர் இருந்தது. சுண்ணாம்புகூட மற்றச் சுவரைப் போலவே பழையதாக, அதேபோலக் காறை உதிர்ந்து, பல்லி முட்டையோடு இருந்தது. பால் ஊற்ற வந்த கோமதிநாயகம் சைக்கிளை நிறுத்திக் கொஞ்ச நேரம் பார்த்தார், பிறகு ஜன்னல் பக்கம் போய், "யக்கா, சொம்ப இங்க நீட்டுங்க" என்றார். அவள் நீட்டினாள், அவர் ஊற்றினார், அடுத்த வீட்டுக்குப் போனார். அப்படித்தான் அது எங்கள் தெருவுக்குள் வந்தது. தெரு அதைச் செரித்துக்கொண்டது.

நிலையை இழைத்துக்கொடுத்த ஆசாரி வந்து சுவரைத் தட்டிப் பார்த்து, நல்ல வேப்பமரம், உளுத்திருக்காது, எங்கே இருந்தாலும் நல்லா இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். ரேஷன் கடைக்காரர் கைரேகை மெஷினை ஜன்னலுக்குக் கொண்டுவந்து விரலை வாங்கிக்கொண்டார். கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர்கள் தாம்பாளத்தைச் சாய்த்துப் பார்த்து, அது கம்பிக்குள் நுழையாததால் வெற்றிலையை மட்டும் உள்ளே கொடுத்தார்கள். முறுக்கு நுழைந்தது, அதிரசம் நுழைந்தது, கேஸ் சிலிண்டர் நுழையவில்லை. கம்பியை அறுத்துவிடலாமே என்று ஒருவர் சொன்னார், கட்டடத்தை மாற்றினால் அனுபவம் கெட்டுவிடும் என்று கழுகு சொல்லிவிட்டதால் அன்னம் சுள்ளி விறகுக்கு மாறினாள். வாசல் போனதால் இடைவெளி இல்லாத நீளச் சுவர் ஒன்று கிடைத்ததென்று ஒரு கட்சிக்காரர் வந்து வெள்ளையடித்து, அடுத்த தேர்தல்வரை இந்தச் சுவர் எங்களுக்கு என்று மூலையில் எழுதி முன்பதிவு செய்தார். எதிர்க்கட்சிக்காரர் வந்து, "வாசல் இருந்த எடம் பொது எடம்வே, அதுல எங்களுக்குப் பாதி" என்று சண்டை போட்டார். வாசல் எங்கே போனதென்று இரண்டு பேரும் கேட்கவில்லை.

அன்னம் கையை வெளியே நீட்டிச் சுவரைப் படமெடுத்துக் குழுவில் போட்டாள். சட்டத்தின் காவல் என்று ஒருவர் எழுதினார். வாழ்த்துகள் சகோதரி என்று நூறு பேர் எழுதினார்கள். 'கதவில்லாத வீட்டில் நோட்டீஸ் ஒட்ட முடியாது, நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள்' என்று கழுகு எழுதியது. மாவு வியாபாரம் இரண்டு மடங்காயிற்று. கதவில்லா வீட்டு மாவு நன்றாகப் பொங்குகிறது என்று பக்கத்து ஊர்களிலிருந்து தூக்குவாளியோடு வந்தார்கள். வந்தவர்கள் சும்மா போகவில்லை, அந்தக் குழுவில் சேர்ந்துவிட்டுப் போனார்கள். ஹெல்மெட் இல்லாமல் பிடிபட்டால் எந்தப் பிரிவில் பிடிக்கிறீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள் என்று கழுகு சொன்னதைக் கேட்டு, டீக்கடை முப்பிடாதி போலீஸ்காரரிடம் தாளும் பேனாவும் நீட்டினான். அவன் வண்டி மூன்று வாரம் ஸ்டேஷன் வேப்பமரத்தடியில் நின்றது. நடந்தே கடைக்கு வந்தவன், "நான் கேட்ட தொனி சரியில்ல போல" என்று தன்னையே குறை சொல்லிக்கொண்டான். கழுகைக் குறை சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை.

ஆவணி மாதம் கோர்ட்டிலிருந்து சம்மன் பதிவுத் தபாலில் வந்தது. கொண்டுவந்தவள் ஜெயக்கொடி, எனக்குப் பிறகு என் பீட்டுக்கு, நான் தபால் கொடுத்த தெருக்களுக்கு, வந்த பெண். ஜன்னலில் நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். ஜன்னல் சாத்திக்கொண்டது. ஜெயக்கொடி உறையின் மேல் தேதி போட்டு 'வாங்க மறுத்தார்' என்று எழுதிக்கொண்டு, என்னைப் பார்த்து, "நீங்களாவது சொல்லக் கூடாதா பெரியண்ணே?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அவள் தலை மறைந்ததும் ஜன்னல் திறந்தது.

"போயிருச்சு பாத்தீங்களா அண்ணாச்சி!"

"போகல அன்னம். வந்துருச்சு."

"நான் வாங்கலியே?"

"மறுத்தா வாங்குன மாதிரிதான். முப்பத்தோரு வருசம் இந்தக் கையால எழுதிருக்கேன். நான் 'மறுத்தார்'னு எழுதுன ஒரு கேஸ்கூட நின்னதில்ல, மறுத்தவுகதான் நின்னாக. விலாசம் தெரியாம திரும்புனாத்தான் தபால் திரும்புனதா அர்த்தம். தெரிஞ்சே வேண்டாம்னா, உன் கைக்கு வந்து சேந்ததா கோர்ட் எடுத்துக்கும்."

அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "நீங்க அந்தக் காலத்து ஆளு அண்ணாச்சி. சட்டம்லாம் மாறிப் போச்சாம்."

அடுத்த வாரம் கோர்ட் சிப்பந்தி நேரிலேயே வந்தார். கதவில் ஒட்ட வேண்டிய நகல் கையில் இருந்தது, ஒட்டக் கதவு இல்லை. தெருவே கூடிவிட்டது. கழுகு ஜெயிக்கப்போகிறது என்று முப்பிடாதி டீயோடு வந்து நின்றான். சிப்பந்தி பதறவில்லை. பசை டப்பாவை இறக்கிவைத்து, "வெளிக்கதவில், அல்லது வீட்டின் பார்வையான வேறொரு பாகத்தில்னுதான் சட்டத்துல இருக்கு" என்று சொல்லிக்கொண்டே, கட்சிக்காரர் வெள்ளையடித்த சுவரில், கண் மட்டத்தில் ஒட்டி நீவிவிட்டு, என்னிடம் சாட்சிக் கையெழுத்துக் கேட்டார். நூறு வருஷத்துக்கு முன்னால் அந்த விதியை எழுதியவன் யாரோ, கதவில்லாத வீடும் ஒருநாள் வரும் என்று யோசித்திருக்கிறான். எனக்கு அன்று வந்த கோபம் அதனால்தான். சட்டம் அவளுக்கு எதிராக இல்லை. அவள் வீடு செய்த மாயத்துக்குக்கூட அதில் இடம் இருந்தது. இல்லாதது, பேர்கூட இல்லாத ஒருத்தனுக்குக் கொஞ்சம் பொறுப்பு.

மருந்துக்கடையில் மாத்திரையை மாற்றிக் கொடுத்தால் கடைக்காரன் சட்டையைப் பிடிக்கலாம். வக்கீல் தப்பாகச் சொன்னால் அவர் சங்கத்துக்கு எழுதலாம். நான் தபாலை மாற்றிக் கொடுத்தால் எனக்கு மெமோ வரும், வந்தும் இருக்கிறது. கழுகுக்கு யார் மெமோ கொடுப்பது? எந்த விலாசத்துக்கு? அன்று அந்தச் சுவருக்கு முன்னால் நின்று தெருவே கேட்க இதைச் சத்தமாகச் சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குள் போய்விட்டேன்.

மூன்று வாய்தா போனது. பிரதிவாதி ஆஜராகவில்லை என்று எழுதி, ஒருதலைப்பட்சமாக மனோகரனுக்குத் தீர்ப்பானது. செய்தி தெரிந்ததும் நான் வக்கீல் பரிபூரணத்தைப் போய்ப் பார்த்தேன். சின்ன வயது, பொறுமையான பெண். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, வாசல் எப்போது மறைந்தது என்பதை மட்டும் தேதியோடு குறித்துக்கொண்டார்.

"உயிலைப் பதிவு செய்யணும்னு கட்டாயமே இல்லைங்கய்யா. சாட்சியில ஒருத்தர் உயிரோட இருந்து கூண்டுல ஏறிச் சொன்னாப் போதும். நீங்கதான் இருக்கீங்களே."

"தீர்ப்பாயிருச்சேம்மா."

"முப்பது நாளைக்குள்ள மனுப் போட்டா இந்தத் தீர்ப்பை ரத்து பண்ணக் கேக்கலாம். அவங்க கோர்ட்டுக்குக்கூட இப்ப வர வேண்டாம். வக்காலத்துல ஒரு கையெழுத்து, அந்த உயில், அவ்வளவுதான். மொதநாளே வந்திருந்தா இது ஒண்ணுமே இல்ல." பிறகு, "நீங்க உடம்பப் பாத்துக்குங்க ஐயா" என்றார். அவர் சொன்னது புரிந்தது. ராஜகனி கையெழுத்துக்கு இனி நான்தான் வாய்.

தீர்ப்பாகி நாலாம் நாள் வக்காலத்துத் தாளோடு ஜன்னலுக்குப் போனேன். அன்னம் கேட்டுக்கொண்டாள். எழுந்துபோய் அரிசி டப்பாவைத் திறந்து உயிலை எடுத்து ஜன்னலருகே வைத்தாள், பேனாவை வாங்கினாள், கம்பிமேல் தாளை வைத்து, பெயரின் முதல் எழுத்தான 'அ'வின் சுழியைக்கூடப் போட்டுவிட்டாள். அப்புறம் நிமிர்ந்து, "ஒரு வார்த்தை கேட்டுக்கிடுதேன் அண்ணாச்சி, தப்பா நினைக்காதீங்க" என்று செல்போனை வெளியே நீட்டினாள்.

நாங்கள் இரண்டு பேரும் காத்திருந்தோம். அவள் கை வெளியே, என் கை கம்பியில். ஒவ்வொன்றாக டிங் டிங்கென்று வந்தது. கையை உள்ளே இழுத்துப் படித்தாள். படிக்கப் படிக்க அவள் முகம் என்னைவிட்டு விலகிப்போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"வக்காலத்துன்னா என் உரிமைய எழுதிக் குடுக்கதாம்."

"அப்படி இல்ல அன்னம். உனக்காகப் பேசுறதுக்கு வக்கீலுக்கு நீ குடுக்க அனுமதி."

"அக்கம்பக்கத்துல உள்ளவுகள எதிராளி கைக்குள்ள போட்டுக்கிடுவானாம். ஜாக்கிரதைன்னு போட்டுருக்காக." அவள் பேனாவைக் கம்பி வழியாக என்னிடம் நீட்டினாள். "அண்ணாச்சி, அன்னைக்கு அந்தாளு செவுத்துல ஒட்டும்போது நீங்கதான சாட்சிக் கையெழுத்துப் போட்டீங்க?"

"ஆமா."

"நீங்க எந்தப் பக்கம்?"

டீச்சர் கட்டிலைத் தூக்கியவன் நான். அவள் காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி கொண்டுபோனவள் ராஜகனி. அந்தக் கேள்வியைக் கேட்டது அன்னம் இல்லை என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் கேட்டது அவள் வாய்தானே. பேனாவை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். இருபத்தாறு நாள் அந்தப் பக்கம் போகவில்லை. இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. கழுகுக்கு ரோஷம் கிடையாது, அதனால் அது தினமும் அவளோடு பேசியது. எனக்கு ரோஷம் இருந்தது. முப்பதாம் நாள், அந்தப் புதன்கிழமை, தாளை எடுத்துக்கொண்டு போனேன். நீட்டிய கையைப் பார்த்தேன். திரும்பினேன்.

வெள்ளிக்கிழமை மாவுக்கு வந்தவர்கள் ஜன்னலில் நின்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்கள். ஜன்னலுக்குக் கீழே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மாரடைப்பு என்று டாக்டர் பிறகு எழுதினார். செல்போன் மடியில் இருந்தது. முப்பிடாதி ஒரு கம்பை விட்டு அதை இழுத்து எடுத்தான். தீர்ப்பாகிவிட்டதாம் சார், நாளையோடு கெடு முடிகிறதாம், என்ன செய்ய என்று செவ்வாய்க்கிழமை அவள் கேட்டிருந்தாள். கழுகு வியாழக்கிழமை பதில் போட்டிருந்தது.

முப்பிடாதி சத்தமாகப் படித்தான். "தகுந்த வழக்கறிஞரை அணுகவும். இங்கே பகிரப்படுவது பொதுத் தகவலுக்காக மட்டுமே." படித்துவிட்டு, "அண்ணாச்சி, இத மொதல்லயே சொல்லிருக்கலாம்லா?" என்று என்னைக் கேட்டான். அந்தக் குழுவில் கழுகு சொன்ன பதில்களிலேயே சரியான பதில் அது ஒன்றுதான்.

பாடை ஜன்னல் வழியாகப் போகாது. கடப்பாரை கொண்டுவந்தோம். வாசல் இருந்த இடத்தில்தான் இடிக்கவேண்டும் என்று ஆசாரி சொன்னார், பிணம் தலைவாசல் வழியாகப் போவதுதானே முறை என்றார், ஆனால் அது சரியாக எந்த இடம் என்று எங்களில் ஒருவருக்கும் நினைவில்லை. தினமும் அந்தப் படியில் உட்கார்ந்து மாவு வாங்கியவர்களுக்கும் நினைவில்லை. பால் ஊற்றிய கோமதிநாயகம் இங்கே என்றார், முப்பிடாதி அங்கே என்றான். கடைசியில் ஒரு குத்துமதிப்பாக இடித்தோம். செங்கல் செங்கலாகத்தான் வந்தது, வேப்ப நிலை வரவில்லை. நாலுபேர் தூக்கிக்கொண்டு போகிற அகலத்துக்கு வழி விட்டு, அவளை வெளியே கொண்டுவந்தோம்.

உயிலை எடுத்துக்கொண்டு மறுபடி வக்கீல் பரிபூரணத்திடம் போனேன். அவர் அந்த நாலு வரியை மூன்றுதரம் படித்தார். "ஜெயிச்சிருக்கலாம் ஐயா" என்றார். "இனி யாருக்காக மனுப் போடறது?"

இரண்டு மாதம் கழித்து, வீட்டைக் கைப்பற்றிக் கொடுக்கும் உத்தரவோடு கோர்ட் அமீனா வந்தார், கூடவே மனோகரனும் வந்தார். பூட்டை உடைக்க ஆள் கூட்டிவந்திருந்தார்கள். அவனுக்கு வேலை இல்லாமல் போயிற்று. அன்னம் வெளியே போக நாங்கள் இடித்த வழியாக அமீனா உள்ளே போனார், சுற்றிப் பார்த்தார், தடை ஏதுமின்றி ஒப்படைக்கப்பட்டது என்று எழுதினார். சாட்சிக் கையெழுத்துக்குத் தாளை என் பக்கம் நீட்டினார். நான் போடமாட்டேன் என்றேன். தெருவில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். என் குரல் அவ்வளவு பெரியதென்று எனக்கே தெரியாது. அவர் வேறு ஆளிடம் வாங்கிக்கொண்டார்.

மனோகரன் பங்குனியில் வீட்டை இடித்துவிட்டார். இப்போது பதினாறடிக்கு நாற்பதடி மண் இருக்கிறது.